நெல்லிக்கனிக்கு டூல்டிப் கிடையாது

எங்க தர்மபுரிதான் பழைய தகடூர், அதியமானின் ஊர். மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த, சாவைத் தள்ளிப்போடும் நெல்லிக்கனியை அவன் ஔவைக்குக் கொடுத்ததைப் பாடும் புறநானூறு 91-ஐ நான் ஃபேன்டசியாகத்தான் வாசிக்கிறேன். மைன்கிராஃப்ட்டிலும் சாவைத் தடுக்கும் டோட்டம் உண்டு. ஆனா அது என்ன செய்யும்னு ஆடுறவனுக்குத் தெரியும், அவனே வச்சுக்குவான். அதியமான் பலனைச் சொல்லாமலே கொடுத்துட்டான். பழத்தைவிட அந்த மௌனம்தான் என்னை உலுக்குது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'விலும் அப்படித்தான். விகடனில் தொடராக வந்து, தூர்தர்ஷனுக்கும் போன கதை. ஜீனோ பேசுற ரோபோ நாய்ங்கிறது நாலு அத்தியாயத்தில் பழகிடும். நிலாவுக்காக அது ஏன் இவ்வளவு மெனக்கெடுதுங்கிறது மட்டும் பழகவே மாட்டேங்குது.

யாராவது தகடூரை கேமா எடுத்தா, அந்தப் பழத்துக்கு மட்டும் விளக்கம் எழுதாம விடுங்க.