அணிதலே அளவுகோல்: நவீனக் கலைஞர்களின் பொன்னணிகள்

நவீன ஓவியர்களும் சிற்பிகளும் வடிவமைத்த பொன்னணிகளைப் பற்றிய திறனாய்வு, அவற்றைப் பெரும்பாலும் அவர்தம் பெரும்படைப்புகளின் சிற்றுருவாகவே கொள்கிறது. பதக்கத்தில் பிக்காசோவின் கோடு தெரிகிறதா என்பதோடு அதன் வினா நின்றுவிடுகிறது. அணியோ உடலில் நிறைவுபெறும் கலை. எடையையும் அசைவையும் கருதாத மதிப்பீடு அதைச் சுவரில் மாட்டிய படமாகவே காண்கிறது.

பிரெஞ்சுப் பொற்கொல்லர் பிரான்சுவா ஊகோ, பிக்காசோவின் முகங்களைத் தகட்டில் புடைப்பு வேலையாக்கினார். 1950களில் வெள்ளித் தட்டங்களில் தொடங்கிய இக்கூட்டுப்பணி பொற்பதக்கங்களுக்கும் விரிந்தது. மேடுபள்ளங்களில் ஒளி தங்குவது ஊகோவின் சுத்தியல் செய்த வேலை. ஆயினும் இப்பதக்கம் கழுத்தில் தொங்கினாலும் பேழையில் கிடந்தாலும் பொருள் மாறுவதில்லை. அணிபவருக்கு அதில் பங்கு குறைவு.

மான் ரேயின் அணிகள் இதற்கு நேர்மாறானவை. விளக்கு மறைப்பின் தாளைச் சுருளாக அவிழ்த்துத் தொங்கவிட்ட அவரது படைப்பு 1919 அளவில் தோன்றியது. காற்றுப்பட்டால் அது சுழலும். அதே சுருள் பின்னர் பொன்னிறக் காதணியாயிற்று. 1968இல் நடிகை கேத்தரின் தெனவ் அதை அணிந்திருக்க மான் ரேயே படமெடுத்தார். தோளை நெருங்கித் தொங்கும் அச்சுருளுக்குக் காற்றின் வேலையைத் தலையசைவு செய்கிறது. பழைய படைப்பின் இயக்கவிதி உடலில் புதிதாக விளங்குவதால் இதனைச் சிறுபடி எனல் பொருந்தாது. 1974இல் மிலான் நகரின் ஜான்கார்லோ மொந்தெபெல்லோவின் பட்டறைவழி வந்த முகமூடி இன்னும் துணிவானது. கண்களுக்கு நேரே சுருள் வரிசையில் துளைகள். அணிபவர் அவற்றின் வழியே உலகைக் காண வேண்டும். வெள்ளியில் பொன்முலாம் பூசிய படிகளாகவும் இது வெளிவந்தது என்பதால் அதன் தகுதி குறைந்துவிடவில்லை. பொன்னின் மாற்றைக் கொண்டு கலையை உரைத்துப் பார்ப்பது வணிகரின் வழக்கம்.

சால்வதோர் தாலியின் ‘அரச இதயம்’ (1953) பொன்னும் மாணிக்கமும் கொண்டது. உள்ளிருக்கும் பொறியால் துடிப்பது. நியூயார்க்கில் கார்லோஸ் அலெமனியின் பட்டறையில் உருவான இவ்வணி, வியக்கத்தக்க வேலைப்பாடுடையது. ஆனால் தனக்கெனத் துடிப்பைக் கொண்ட அணிக்கு மார்பு எதற்கு? பிகேரஸ் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் அது குறையின்றி இருக்கிறது. அக்குறையின்மையே அதன் குறை.

இவர்களுள் தாமே சுத்தியலேந்தியவர் அலெக்சாண்டர் கால்டர். அவர் செய்த ஏறத்தாழ 1,800 அணிகளுள் பெரும்பாலானவை பித்தளையும் வெள்ளியும், பொன் அரிது. நம் பொற்கொல்லர் பொடி வைத்து ஊதிப் பற்றாசால் இணைப்பதை, கால்டர் கம்பியை வளைத்தும் கோத்தும் தறைந்தும் இணைத்தார். இணைப்பு மறைக்கப்படாமையால் அணி உடலோடு சேர்ந்து அசைகிறது. அந்த அரிய பொன்வேலைகளுள் ஒன்று, 1931 சனவரியில் தம்மை மணந்த லூயிசாவுக்கென அவர் முன்னரே செய்த, உச்சியில் சுருள் கொண்ட மோதிரம்.