நாலு கட்டத்தில் அடங்காதவர்

மே மாதமானால் 'பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம்?' வகைப் புத்தகங்கள் கடைகளில் குவிந்துவிடும். நாலைந்தைப் புரட்டினால் போதும், எல்லாம் ஒரே புத்தகம்தான். பிடித்ததைச் செய், ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போடு, உன் பலம் பலவீனங்களை நாலு கட்டம் போட்டு எழுது. தப்பில்லை. ஆனால் ஏற்கெனவே பெயர் வைத்த வேலைகளில் ஒன்றைப் பொறுக்கத்தான் இவை சொல்லித் தருகின்றன. நாகூர் இ.எம். ஹனிபாவை இந்தக் கட்டங்களில் உட்காரவைத்துப் பாருங்கள், முடியாது.

அவர் பிறந்தது 1925-ல். அந்தக் கால நாகூர்ப் பையன்களுக்குத் தெரிந்த வழி, கப்பலேறி மலேயா, சிங்கப்பூர் போய்ப் பிழைப்பது. ஊரில் அவர்களை 'சபராளி' என்பார்கள். பாட்டுதான் வேண்டுமென்றால் அதற்கும் முறையான பாதை இருந்தது. தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ. காதர் கர்நாடக சங்கீதத்தில் தேர்ந்தவர். எந்த ஆலோசகரும் 'அவர்கிட்டே போய்க் கத்துக்கப்பா' என்றுதான் சொல்லியிருப்பார்.

ஹனிபாவுக்கு முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. பைத்து பாடும் கூட்டத்தில் பாடித் தேறியவர். அப்புறம் கல்யாண வீடு, மீலாது மேடை, தி.மு.க. பொதுக்கூட்டம். மலேசியா, சிங்கப்பூருக்கு அவரும் போனார், கச்சேரி செய்ய.

அந்தக் குரலைக் கொஞ்சம் கறாராகவே பார்க்கலாம். மேல் ஸ்தாயியில் ஏறினால் லேசில் இறங்காது. நெளிவு சுளிவு குறைவு. உருக வேண்டிய பாட்டும் சில சமயம் ஊர்வலம் போல் நடக்கும். கமகம் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆனால் அவருடைய சபை ஏ.ஸி. ஹாலில் இல்லை. பந்தலுக்கு வெளியே, தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் உடையாமல் போய்ச் சேரவேண்டும். சேர்ந்தது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டை இந்து வீடுகளிலும் கேட்டது அந்த உச்சரிப்பின் உபயம் என்பது என் கட்சி. பதம் பிரித்து அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படாத பாடகர் அவர்.

சினிமாவில் 'குலேபகாவலி' (1955), 'பாவ மன்னிப்பு' (1961), 'செம்பருத்தி' (1992) என்று விரல் விட்டு எண்ணலாம். இஸ்லாமிய வாடை தேவைப்பட்டால்தான் பெரும்பாலும் கூப்பிட்டார்கள். அவர்களுக்குத்தான் நஷ்டம்.

அரசியல் வேறு கணக்கு. மேலவை உறுப்பினரானார், வக்ஃபு வாரியத் தலைவரானார். ஆனால் 2002-ல், எழுபத்தாறு வயதில், வாணியம்பாடி இடைத்தேர்தலில் நின்று தோற்றார். பாட்டுக்குக் கைதட்டுகிற கூட்டம் அப்படியே ஓட்டுப் போடும் என்பதற்கு எந்தத் திட்டத்திலும் உத்தரவாதம் இல்லை. 2015 ஏப்ரலில் அவர் காலமானபோது யாரும் வாணியம்பாடியைப் பற்றிப் பேசவில்லை, பாட்டைத்தான் பேசினார்கள்.

வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்க ஆசை. 'பிடித்ததைச் செய்' என்று முதல் அத்தியாயத்தில் சொல்லிவிடுகிறீர்கள். முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் அபூர்வமாகும் ரம்ஜான், மொஹரம் மாதங்களில் கல்யாண வீட்டுப் பாடகனின் அடுப்பில் உலை எப்படிக் கொதிக்கும் என்று இரண்டாம் அத்தியாயம் எழுதுங்கள். அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்தே வாங்குகிறேன்.