நிலாவைத் துடைக்கும் கை

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வீடியோ ஆட்டத்துக்கு அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் செய்த பெட்டியைத் திறந்தால் ஒரு கண்கட்டு வித்தை. படக்குழாய் நமக்கு எதிரே இல்லை. கீழே மல்லாந்து கிடக்கிறது. சாய்த்து வைத்த அரைக்கண்ணாடி அதன் பிம்பத்தை வாங்கி, பின்னால் தீட்டிய நிலாக் காட்சியின்மேல் மிதக்கவிடுகிறது. படம் கறுப்பு வெள்ளைதான். நிறமெல்லாம் வண்ணத்தாள் உபயம்.

இந்தப் பழைய பெட்டியைச் சீரமைக்கும்போது, ஈரத்தில் உப்பிய பலகையைப் பசையிட்டு இறுக்கலாம். கெட்டுப்போன கெபாசிட்டர்களை மாற்றலாம். கண்ணாடியை மட்டும் அழுத்தித் துடைக்கக் கூடாது, பூச்சு கையோடு வந்துவிடும். (அணைத்த பின்னும் படக்குழாயில் மின்சாரம் தங்கும், அவசரக்காரருக்கு அங்கே அடி நிச்சயம்.)

முழுக்கப் புதுச் சாயம் பூசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொத்தானருகே சிகரெட் சுட்ட தழும்பு இருக்கட்டும். ஆட்டத்தின் 55 எதிரிகளும் மறுபடி பக்கவாட்டில் நகரட்டும், அது போதும்.