எதிராளியின் வயது

2015 டிசம்பர் 1-ஆம் நாள் புதுதில்லியில் பட்டௌடி நினைவுச் சொற்பொழிவை ஆற்றினார் ராகுல் திராவிட். அவர் அப்போது 19 வயதுக்குட்பட்ட இந்தியக் கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர். புகழ்பெற்ற வீரர்களின் மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் பழைய வெற்றிகளின் நினைவுகூரலாகவே முடிந்துவிடும். இவ்வுரை அத்தகையதன்று. சிறுவர் விளையாட்டில் வயதைக் குறைத்துக் காட்டும் வழக்கத்தை, பணத்திற்காக ஆட்டத்தை விற்கும் குற்றத்தோடு ஒரே தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்த உரை அது. கிரிக்கெட்டைப் பற்றியதாயினும், நம் இராமநாதபுரக் கடற்கரையின் பள்ளிகளும் பங்குகளும் அதனைத் தம் நிலையோடு உரைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளன.

உரையின் வலிமை அதன் தெளிவில் உள்ளது. வயதை மறைத்தவன் திறமையால் அன்றி உடல்வலுவால் வெல்கிறான். அவனால் இடமிழந்த நேர்மையான சிறுவன் மனமுடைந்து விளையாட்டையே விட்டு விலகக்கூடும். பொய்ச் சான்றிதழுக்குத் துணைநின்ற பெற்றோரும் பயிற்சியாளரும், பிள்ளைக்கு முதல் பாடமாக ஏமாற்றுதலைக் கற்பித்துவிடுகிறார்கள். இம்மூன்றையும் அவர் அலங்காரமின்றிச் சொல்கிறார். விதிப்படி போட்டியிடாதவனுக்கு வாகை இல்லை என்று பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் மடலில் உணர்த்தும் கருத்தும் இதுவே.

ஆயினும் உரை தொடாத இடம் ஒன்று உண்டு. பொய் எப்போதும் பந்தயத்திற்காகவே பிறப்பதாக அது கொள்கிறது. நம் ஊர்களில் பொய் அதற்கு முன்பே, முதல் வகுப்புச் சேர்க்கையின்போதே பிறந்துவிடுகிறது. கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பிவிட்டதாகக் கொண்டு, ஜூன் மாதத்திற்கு முந்தைய ஏதோ ஒரு நாளைப் பிறந்தநாளாக எழுதிக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. அந்த மனப்போக்கு முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிள்ளையை விரைவில் பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டுவோர் ஒருபுறம். பிற்காலத்தில் அரசுப் பணிக்கான வயது வரம்பை எண்ணிக் குறைப்போர் மறுபுறம்.

பள்ளி விளையாட்டிலோ 14, 17, 19 என வயதே வேலி. குறுவட்டப் போட்டி தொடங்கி மாநிலப் போட்டி வரை யார் யாரோடு மோதலாம் என்பதை அந்த எண்களே முடிவு செய்கின்றன. வயது கூட்டி எழுதப்பட்ட தங்கச்சிமடத்துச் சிறுவன் ஒருவனைக் கற்பனை செய்து பாருங்கள். உண்மையில் பதின்மூன்று வயதினனாகிய அவன், ஏட்டில் பதினைந்து வயதினன். பதினாறு வயதுக்காரர்கள் நிற்கும் கபடிக் களத்தில் பாடிச் செல்ல வேண்டியவனாகிறான். கணுக்காலைப் பற்றி இழுக்கும் கைகளுக்கு அவன் வயது தெரியாது. இங்கே ஏமாற்றியவர் எவரும் களத்தில் இல்லை. ஏமாந்தவன் மட்டுமே நிற்கிறான்.

எலும்புச் சோதனை இதற்குத் தீர்வாகாதா எனக் கேட்கலாம். இடக்கை மணிக்கட்டின் ஊடுகதிர்ப் படத்தைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையைக் கிரிக்கெட் வாரியம் கையாள்கிறது. ஆனால் அது மதிப்பீடே அன்றிப் பிறப்புச் சான்றன்று. ஊட்டக் குறைவினால் எலும்பு வளர்ச்சி பின்தங்கும். மீன்பாடு குறைந்த மாதங்களில் அரைவயிறு உண்டு வளரும் பிள்ளையின் எலும்பு, அவனை உள்ளதிலும் இளையவனாகக் காட்டக்கூடும்.

நம்மிடம் வேறொரு சாட்சி உண்டு. திருமுழுக்குப் பதிவேட்டில் திருமுழுக்கின் நாளோடு பிறந்த நாளும் இடமும் குறிக்கப்பட வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 877-ஆம் எண் பணிக்கிறது. அவ்வேடு அரசுச் சான்றுக்கு மாற்றாகாது. எனினும் பள்ளி ஏட்டிலுள்ள நாளோடு அது முரண்படும்போது பெற்றோரின் மனச்சான்றை அது தட்டி எழுப்பும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறப்புச் சான்றிதழே வயதுக்குச் சான்றாகும் எனச் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. அக்குழந்தைகள் உயர்நிலைப் பள்ளிக் களத்திற்கு வர ஏறத்தாழ 2037 ஆகிவிடும். அதுவரை நம் நேர்மையே வேலி.

தண்டனை எவர்க்கு என்பதிலும் தெளிவு வேண்டும். 2001-இல் அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் போட்டியில் டேனி அல்மொன்டே என்ற சிறுவன் எதிரணியில் ஒருவரையும் ஓடவிடாமல் பந்தெறிந்து புகழ்பெற்றான். 12 வயதுப் பிரிவில் ஆடிய அவனுக்கு வயது 14 எனப் பின்னர் தெரிந்தது. அணியின் வெற்றிகள் பறிக்கப்பட்டன. வாழ்நாள் தடை அவன் தந்தைக்கும் அணியை நடத்தியவருக்கும் விதிக்கப்பட்டது. பிள்ளையைக் குற்றவாளியாக்காத அந்தத் தீர்ப்பில் நீதியோடு இரக்கமும் இருந்தது.

திராவிடின் பார்வை பெரும்பாலும் தன் அணிச் சிறுவர்மீதே தங்குகிறது என்பதும் ஒரு குறை. எல்லா விதிகளும் காக்கப்பட்ட பின்பும் எதிராளி என்ற ஒருவன் எஞ்சி நிற்கிறான். 2009 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் மாணவியர், கற்றல் குறைபாடுடையோர் பயிலும் சிறு பள்ளி ஒன்றைக் கூடைப்பந்தில் 100-0 என வென்றனர். வயதில் பொய்யில்லை, விதி மீறப்படவில்லை. ஆயினும் வென்ற பள்ளி வெட்கம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டு, தன் வெற்றியை நீக்கிக்கொள்ள வேண்டியது. அதனை ஏற்க மறுத்த பயிற்சியாளர் விலக்கப்பட்டார். தகுதியுள்ள எதிராளியாக இருப்பது வேறு. நாம் அன்பு செய்யக் கட்டளை பெற்ற அயலாராக இருப்பது வேறு. முன்னதை விதிநூல் சொல்லும். பின்னதை நற்செய்தி மட்டுமே சொல்லும்.

திராவிடின் உரை முன்னதை உரக்கச் சொன்னது; அதற்காக அது நம் ஆசிரியர் அறைகளில் படிக்கப்பட வேண்டும். பின்னதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். ஓரியூரின் செம்மண்ணில் அருளானந்தர் சிந்திய குருதி உண்மைக்குச் சான்றாயிற்று. அம்மண்ணின் பிள்ளைகள் ஒரு கேடயத்திற்காகப் பொய்ச்சான்று ஏந்தி நிற்கலாகாது. பள்ளியின் கண்ணாடி அலமாரியில் ஓர் இடம் வெறுமையாக இருப்பதால் எந்தப் பிள்ளையும் கெட்டுவிடுவதில்லை.