வாயிலில் நிற்போர் பாடிய பாட்டு

சென்ற திங்கள் வாலிபர் ஒருவர் நம்மைக் காண வந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து, பட்டணத்தில் படித்து, கணக்கியலில் பட்டயம் பெற்றவர். வேலை கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் நாற்பதுக்கு மேல். நேரில் வரச் சொல்லி அழைத்தவர்கள் நால்வர். நான்காம் இடத்தில் முகமலர்ந்து வரவேற்று, ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு, "இரண்டு வாரத்தில் தெரிவிக்கிறோம்" என்று கை குலுக்கி அனுப்பினார்களாம். வாரம் ஏழு கடந்துவிட்டது. கடிதமும் இல்லை, தொலைபேசி அழைப்பும் இல்லை. "இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றே வருந்தி அன்றே மறந்திருப்பேன், ஐயா. ஒன்றுமே சொல்லாமல் இருக்கிறார்கள். என்னிடம் என்ன குறை என்று இரவெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன். வீட்டில் அம்மா முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது" என்றார்.

நாம் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து புறநானூற்றை எடுத்து 196-ஆம் பாட்டைக் காட்டினோம். அவர் வியப்போடு, "இது அரசர்களைப் புகழும் நூலல்லவா? எனக்கும் இதற்கும் என்ன உறவு?" என்று கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

குற்றம் அவருடையதன்று. உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஆய்ந்து 1894-இல் புறநானூற்றை அச்சேற்றிய நாள் தொட்டு, நம்மவர் அதனைப் பெரிதும் இரண்டு வகையாகவே பயன்படுத்தி வந்துள்ளனர். மேடைப் பேச்சாளர் அதிலிருந்து வீரத்தை எடுத்துக்கொண்டனர். பள்ளிப் பண்டிதர் கொடையை எடுத்துக்கொண்டனர். கொடுத்தவன் பெயர் மாணவனுக்கு மனப்பாடம். கேட்டு நின்றவன் பட்ட பாடு அவனுக்குத் தெரியாது. ஆனால் நூலைத் திறந்து பார்ப்போர்க்கு உண்மை வேறாகத் தோன்றும். கொடுத்தவன் வாய்திறந்து பேசும் பாட்டுச் சில. கேட்டு நின்றவன் பேசும் பாட்டே பல. நெடுவழி நடந்து வந்ததும், வாயிலில் நின்றதும், நாளை நாளை என்று அலைக்கழிக்கப்பட்டதும், சினந்து திரும்பியதும் அங்கே மறைவின்றிக் கிடக்கின்றன. வாயிலில் நின்று தன் வரவை உணர்த்துவதற்குக் கடைநிலை என்றும், தர வேண்டியதை நினைவூட்டித் தூண்டுவதற்குப் பரிசில் கடாநிலை என்றும் இலக்கணத்தார் துறை வகுத்துப் பெயரும் இட்டனர். கேட்பதற்கும் ஓர் இலக்கணம் கண்ட மொழி நம் மொழி.

இனி அந்த 196-ஆம் பாட்டை நோக்குவோம். பாடியவர் ஆவூர் மூலங்கிழார். பாடப்பட்டவன் பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன். பரிசில் தருவதாக இருந்தவன் காலம் நீட்டித்தான், புலவர் பாடினார். பாட்டின் முற்பகுதி ஒரு கணக்குப் போல் அமைந்துள்ளது. தன்னால் இயல்வதை இயலும் என்று சொல்லிக் கொடுப்பது ஒன்று. இயலாததை இல்லை என்று சொல்லி மறுப்பது மற்றொன்று. இவ்விரண்டும் நட்பின்பாற்பட்டவை என்கிறார் புலவர். இயலாததை இயலும் என்பதும், இயல்வதை இல்லை என்பதும் வேறு இரண்டு. இவை கேட்டு வந்தவனை வாட்டுவதோடு கொடுப்பவனுடைய புகழையும் குறைக்கும் என்கிறார்.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. மறுப்பைப் புலவர் நட்பின் வரிசையில் வைத்தார். இல்லை என்பவன் பகைவன் அல்லன். உள்ளதைச் சொல்லி வந்தவனை வேறு வழி பார்க்க விடுபவன் அவன். காலம் நீட்டிப்பவனோ வந்தவனுடைய நாளைத் திருடுகிறான். பொருளைக் கொடாதது அன்று, நாளைக் கவர்ந்ததே அவன் குற்றம். "இரண்டு வாரத்தில்" என்று சொல்லி ஏழு வாரம் வாய்மூடியிருக்கும் அலுவலகத்திற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது?

பாட்டின் முடிவு இன்னும் அரியது. உன் பிள்ளைகள் நோயின்றி இருக்கட்டும் என்று அரசனை வாழ்த்துகிறார். அது வாழ்த்தா வசையா என்று ஐயுறுவோர் உண்டு. வாழ்த்தாகவே தொடங்கி வசையின் வேலையையும் அது செய்து முடிக்கிறது என்பது நமது கருத்து. ஏனெனில், தவறு செய்தவனிடம் அவன் பிள்ளைகளின் நலனைப் பேசும்போது, அவன் தவறு எங்கே சென்று தைக்கும் என்பதையும் உடன் நினைவூட்டியாயிற்று. பிறகு வெயிலை வெறுக்காமலும் குளிருக்குச் சோம்பாமலும் தாம் நடந்து செல்வதாகக் கூறுகிறார். கல்லால் செய்தது போன்ற வறுமையும், காற்றை மட்டும் மறைக்கும் வீடும், அங்கே காத்திருக்கும் மனைவியும் அவர் நினைவில் இருக்கின்றனர். தம்மிடம் என்ன குறை என்று அவர் ஓரிடத்திலும் கேட்கவில்லை. பரிசில் வராமையை அரசன் கணக்கில் எழுதினாரேயன்றித் தம் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. நம் வாலிபர் கற்க வேண்டிய முதற் பாடம் இது.

ஔவையார் பாட்டு இரண்டு இதனோடு ஒருங்கு வைத்துப் படிக்கத்தக்கவை. 101-ஆம் பாட்டில், அதியமான் நெடுமான் அஞ்சி தரும் பரிசில் காலந்தாழ்த்தாலும் யானை தன் கொம்புகளிடையே வைத்த கவளம் போலத் தப்பாது கைக்கு வரும், வருந்தாதே என்று தம் நெஞ்சைத் தேற்றுகிறார். 206-ஆம் பாட்டிலோ, அதே அதியமான் நீட்டித்தபோது வாயில் காவலனை விளித்து, உன் தலைவன் தன்னை அறியானா அல்லது என்னை அறியானா என்று கேட்டு, யாழையும் பையையும் கட்டிக்கொண்டு புறப்படுகிறார். கைத்திறம் வாய்ந்த தச்சன் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் புகுந்தால் எந்தப் பக்கமும் மரந்தானே. அதுபோல் நாம் எத்திசை சென்றாலும் அத்திசையில் சோறு உண்டு என்பது அவர் துணிபு.

ஒருவரே இருவேறு விதமாகப் பாடலாமா என்று சிலர் கேட்பர். காத்திருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம் என்பதே காத்திருப்பின் இயல்பு. இரண்டையும் மறைக்காமல் பாடியதே ஔவையின் சிறப்பு. ஆயினும் தச்சன் உவமையை வெறும் வீம்பாகக் கொள்ளலாகாது. காடு பெரிது என்பதோடு அவர் நிற்கவில்லை. கையில் கோடரியும், கைக்குத் திறமும் வேண்டும் என்பது உவமைக்குள் அடங்கியிருக்கிறது. கோடரியைத் தீட்டாமல் காட்டைக் குறை கூறுவோர்க்கு இப்பாட்டில் இடமில்லை.

பெருஞ்சித்திரனார் இவ்விருவரினும் கடியவர். தம்மை நேரில் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலை, பொருளுக்காக மட்டும் வரும் வாணிகன் அல்லன் நான் என்று 208-ஆம் பாட்டில் மறுத்துவிட்டார். தகுதியின் அளவை அறிந்து தந்தால் தினையளவும் இனிது என்பது அவர் கொள்கை. வெளிமானுடைய தம்பி சிறிது கொடுத்தபோது அதனைக் கொள்ளாது சென்று, குமணனிடம் யானை பெற்று வந்து அத்தம்பியின் காவல் மரத்திலே கட்டிய செய்தி 162-ஆம் பாட்டில் உள்ளது. இதைக் கேட்டு மகிழாத வாலிபர் இரார். இக்காலத்தில் விண்ணப்பத்தை மனிதக் கண் பார்க்கும் முன்னரே கணிப்பொறி சலித்துத் தள்ளும் வழக்கம் பல நிறுவனங்களில் வந்துவிட்டமையால், என்னைக் கண்டு அளந்து பார் என்னும் அவர் குரல் நம் காதுக்கு மிக அண்மையில் கேட்கிறது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இதே புலவர்தாம் 160-ஆம் பாட்டில் தம் வீட்டின் பசியை ஒளிக்காமல் குமணனிடம் சொன்னவர். பால் வற்றிய தாயிடம் பாலின்றி, சோறில்லாத கலத்தைத் திறந்து பார்த்து அழும் பிள்ளையையும், புலி என்று அச்சுறுத்தியும் நிலவைக் காட்டியும் அதனைத் தணிக்க முயலும் மனைவியையும் அப்பாட்டில் காண்கிறோம். ஆகவே, கேட்பதை அவர் இழிவாகக் கருதவில்லை. அறியாமல் எறியப்படுவதை ஏற்பதையே இழிவாகக் கருதினார். வேலையில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, காலையில் சட்டை மாட்டிக்கொண்டு எங்கோ போவது போல் வீட்டாரை ஏமாற்றும் வாலிபர் நம்மிடையே உண்டு. அவர்கள் 162-ஐ மட்டும் படித்தால் போதாது. 160-ஐயும் படிக்க வேண்டும்.

நிற்க. இப்பாட்டுக்களை நாம் குறையின்றிப் புகழ்கிறோம் என்று வாசகர் கொள்ள வேண்டா. இவற்றில் பெருங்குறை ஒன்று உண்டு. புலவன் தன் திறத்தைக் காட்டிக் கேட்டான் என்பது உண்மையே. ஆயினும் கொடுப்பதும் மறுப்பதும் கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தவை. அவன் கொடுத்த பொன்னும் யானையும் பல வேளைகளில் பிறர் நாட்டைக் கொள்ளையிட்டு வந்தவை. அதைப் பற்றிக் கேட்டு நின்ற புலவர் பெரும்பாலும் வாய்திறக்கவில்லை. மேலும், பாடத் தெரிந்தவனுக்கு வாயில் திறந்தது. உழுதவனும் குயவனும் துணி வெளுத்தவளும் எந்த வாயிலில் நின்று எதைப் பாடுவார்கள்? வருணனைப் பொருளாக அவர்கள் நூலில் வருகின்றனர். கேட்போராக வருவது அரிது.

நம் பாட்டன்மார் அந்தப் பாடாத கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். விடியுமுன் பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கிராணி பெயர் கூப்பிடும் வரை வாய்பேசாதிருந்தவர்கள். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்ட பின், குடியுரிமை இல்லாதார் உரிமச் சீட்டின்றி வேலை செய்ய முடியாது என்ற நிலை வந்தபோது, பிறந்து வளர்ந்த தோட்டத்திலேயே அயலாராக நின்றோர் பலர். அவர்கள் நின்ற வாயிலைப் பற்றி ஒரு பரிசில் கடாநிலை எழுதப்படவில்லையே என்பது நம் இலக்கியத்தின் மேல் நமக்குள்ள மனக்குறை.

இன்று நிலை முழுவதும் அப்படியில்லை. மலேசியாவில் 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டம், அதில் சந்தா செலுத்தி வேலை இழந்தவர்க்கு வேலை தேடும் காலத்தில் உதவித்தொகை தருகிறது. சிங்கப்பூரிலும் தம் விருப்பமின்றி வேலை இழந்தோர்க்கென்று 2025 ஏப்ரலில் ஓர் உதவித் திட்டம் தொடங்கப்பெற்றது. இவை கொடை அல்ல, உரிமை. பெருஞ்சித்திரனார்க்கு இல்லாதது நமக்கு உண்டு. ஆனால் நம் வாலிபரைப் போல் முதல் வேலைக்கே வாயிலில் நிற்போர்க்கு வேலை இழந்தோர்க்கான உதவி கிட்டாது. அவர்க்கு எது துணை?

அதற்கும் நம் இலக்கியத்தில் விடை உண்டு, அது ஆற்றுப்படை. பரிசில் பெற்று வரும் கூத்தனோ பாணனோ, வழியில் வறியவன் ஒருவனைக் கண்டால், தான் பெற்றதைச் சொல்லி, இன்ன வழியே போ, இன்ன இடத்தில் தங்கு, இன்னாரைக் காண் என்று நெறிப்படுத்துவான். தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் கூறுகிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. அரசனைப் புகழ்வதற்கு இது ஓர் உத்தியே என்று பண்டிதர் சொல்வர். இருக்கட்டும். அவ்வுத்திக்குள் ஓர் அறம் இருக்கிறது. பெற்றவன் வழியை ஒளிக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, அடுத்தவன் வந்தால் பங்கு குறையும் என்று எண்ணவில்லை.

நம்மவருள் வேலை பெற்றோர் இதைச் செய்கின்றனரா? ஒரு தோட்டத்துப் பிள்ளை பட்டணத்து அலுவலகத்தில் நல்ல இடத்தில் அமர்ந்த பின், தன் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாயில் எப்போது திறக்கும், நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள், விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும், எத்தனை நாள் சென்றபின் நினைவூட்டலாம் என்று சொல்லிக் கொடுக்கிறாரா? சிலர் செய்கின்றனர், பலர் பழைய முகவரியையே மறந்துவிடுகின்றனர். கடை வைத்தும் நிறுவனம் நடத்தியும் வரும் நம் பெரியோர்களுக்கும் ஒரு சொல். உங்களிடம் வரும் ஒவ்வொருவர்க்கும் வேலை கொடுக்க உங்களால் இயலாது. அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இல்லை என்று ஒரு வரி எழுத இயலும். அவ்வளவே ஆவூர் மூலங்கிழார் கேட்டது.

அந்த வாலிபர் அன்று இரவே பரிசில் கடாநிலை ஒன்று எழுதினார். அஃதாவது, சினமும் கெஞ்சலும் இன்றி நான்கு வரியில் ஒரு நினைவூட்டுக் கடிதம். மூன்றாம் நாள் விடை வந்தது. வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம். "வருத்தந்தான் ஐயா, ஆனால் வழி தெளிந்துவிட்டது" என்று நமக்குச் சொல்லியனுப்பினார். இப்போது நாற்பத்தைந்தாம் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் தோட்டத்துப் பிள்ளைகள் இருவருக்கு விண்ணப்பம் எழுதும் முறையைச் சொல்லிக் கொடுக்கவும் தொடங்கியிருக்கிறார். தான் பெறுமுன்னே பிறர்க்கு வழி காட்டும் இவ்வகை ஆற்றுப்படை தொல்காப்பியத்தில் இல்லை. இருந்தால் என்ன குறைவு?