வெட்டுமா, அரைக்குமா?

புதுச்சேரி நேரு வீதியில் ஃபுட் பிராசஸர் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரர் வாட்ஸ் சொல்வார், பிளேடுகளை எண்ணிக் காட்டுவார். நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: 'இது வெட்டுமா, அரைக்குமா?'

ஃபுட் பிராசஸரின் பூர்வீகம் பிரான்ஸ். ஓட்டல் சமையலறைகளில் நறுக்கியே பொழுது போவதைப் பார்த்து, 1960களில் பியர் வெர்தன் கொண்டுவந்தது. வீட்டுக்குள் நுழைந்தது 1970களில். அதே 1960களில் பம்பாயில் மாத்தூர் என்கிற இன்ஜினீயர் 'சுமீத்' மிக்ஸி செய்தார். காரணம், வீட்டிலிருந்த ஜெர்மன் மிக்ஸி நம்ம ஊர் அரைப்புக்குத் தாங்காமல் படுத்துவிட்டது. அவர்கள் பிரச்னை நறுக்குவது; நம்முடையது அரைப்பது.

புதுச்சேரி வீடுகளில் இரண்டும் உண்டு. வடவத்துக்கு ஒரு கிலோ சின்ன வெங்காயமா? பிராசஸரில் போட்டு, விட்டு விட்டு நாலு சுற்று. ஒன்றிரண்டாக வந்துவிடும், கண்ணீர் பாதி மிச்சம். மீன் குழம்புக்கு அரை மூடித் தேங்காயை அதே பெரிய கிண்ணத்தில் போட்டால் பிளேடு சுற்றும். தேங்காய் ஓரமாக ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும்.

என் சிபாரிசு: பிராசஸர் ஜாரும் சேர்ந்து வருகிற நல்ல மிக்ஸி. சின்ன சட்னி ஜார் இருக்கிறதா, கப்ளரும் வாஷரும் உள்ளூரில் கிடைக்குமா, கழுவ எத்தனை பாகம் என்று பாருங்கள். யார் கழுவுவது என்பதையும் வாங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பேசவில்லை. அது இப்போது பரணில் இருக்கிறது.