காலையில் தைராய்டு, இரவில் செட்ரிசின்

குற்றாலத்தில் சாரல் இறங்கினால் வெளியூர்க்காரர்களுக்கு அது ஐந்தருவிக் குளியல். தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்களில் பலருக்கு அது தும்மல், மூக்கடைப்பு, காயாத துணி, சுவரில் பூக்கும் பூஞ்சை. இந்த மாவட்டத்தில் இன்னொரு தூசியும் உண்டு. ஆலங்குளம், கடையம், கடையநல்லூர் வட்டாரத்து வீடுகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும்போது பறக்கும் புகையிலைத் தூள் அது. சாரல் செப்டம்பரோடு விடைபெறும், தூள் போகாது. அதனால் அலர்ஜி மாத்திரையும் பல வீடுகளில் வருடம் முழுக்க நடக்கிறது.

அதே வீடுகளில் தைராய்டு மாத்திரை பாட்டிலும் இருக்கும். சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, பெரியவர்களில் 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதாகச் சொன்னது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஆக, காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், இரவில் படுக்கும்முன் செட்ரிசின் என்பது பலருக்கு வருடக்கணக்கில் ஓடும் வழக்கம். இது பாதுகாப்பானதா?

இரண்டு மருந்தையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தால், பெரிய சண்டை எதுவும் இல்லை. தைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. அதன் பாதி ஆயுள் சுமார் 7 நாள். செட்ரிசினின் பெரும்பகுதி கல்லீரலில் உருமாறாமல் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. லோரட்டாடின், பெக்சோபெனாடின் போன்ற பிந்தைய தலைமுறை மருந்துகளும் தைராக்சினின் வேலையைக் குலைப்பதில்லை. தீராத தடிப்பு அரிப்புக்குச் செட்ரிசின் வகை மருந்துகளைப் பல மாதம் தொடர்ந்து கொடுப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சைதான். ‘தைராய்டு இருக்கு, அலர்ஜி மாத்திரையே தொடக் கூடாது’ என்று பயந்து, சீசன் முழுக்க மூக்கடைப்போடு தூங்காமல் கிடப்பவர்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. வழக்கத்தின் பலம் இதுவரை.

பலவீனம் மாத்திரையில் இல்லை, அது வாங்கப்படும் விதத்தில் இருக்கிறது. கடையில் போய் ‘சளிக்கு ஒரு மாத்திரை’ என்றால் கிடைப்பது எப்போதும் செட்ரிசினாக இருக்காது. சிபிஎம் என்கிற குளோர்பெனிரமினாக இருக்கலாம், அவிலாக இருக்கலாம், நாலைந்து மருந்து கலந்த ‘கோல்டு’ மாத்திரையாகவும் இருக்கலாம். கடைக்காரர் கத்தரியால் அட்டையை நறுக்கி நாலு மாத்திரை கொடுப்பார். பெயரும் காலாவதித் தேதியும் மிச்ச அட்டையிலேயே தங்கிவிடும். மருத்துவர் மேற்பார்வையின்றி உட்கொள்வது ஆபத்து என்ற எச்சரிக்கையைக் குளோர்பெனிரமின் போன்றவற்றின் உறையில் அச்சிட வேண்டும் என்கின்றன 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள். நறுக்கிய துண்டில் அந்த வரியை எங்கே தேடுவது?

இந்தப் பெயர் தெரியாமைதான் தைராய்டுக்காரர்களைக் குறிப்பாகத் தாக்குகிறது. சிபிஎம், அவில் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள் நுழைபவை. பகல் தூக்கம், மந்தம், வாய் வறட்சி, மலச்சிக்கல் ஆகியவை அவற்றின் பக்கவிளைவுகள். சிலருக்கு எடையும் ஏறும். தைராய்டு குறைந்தவர் சொல்லும் குறைகளோ அசதி, தூக்கம், மலச்சிக்கல், எடை. இரண்டு பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘மாத்திரை ஒழுங்காப் போட்டும் அசதி போகலயே டாக்டர்’ என்கிறவரிடம், வேறு ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் ‘ஒண்ணும் இல்ல’ என்றே பதில் வரும். அலர்ஜி மாத்திரையை நம் ஆட்கள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பலன் போதவில்லை என்று தைராக்சினைத் தாமாகவே அரை மாத்திரை கூட்டிக்கொள்பவர்களும் உண்டு. தேவைக்கு மேல் போன தைராக்சின் படபடப்பையும் இதயத் துடிப்புக் கோளாறையும் கொண்டுவரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பைக் கரைக்கும். சிபிஎம் செய்த குற்றத்துக்குத் தைராய்டு தண்டனை வாங்குகிறது.

‘கோல்டு’ மாத்திரை இதற்கு நேர்மாறான தொல்லை. மூக்கடைப்புக்காக அதில் சேரும் பினைலெப்ரின், சூடோஎபிட்ரின் போன்றவை ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பாதிக்கக்கூடியவை. அமெரிக்காவில் சூடோஎபிட்ரின் உறையிலேயே, தைராய்டு நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடும்படி எழுதியிருக்கும். வாய்வழி உண்ணும் பினைலெப்ரின் மூக்கடைப்புக்குப் பயனே தரவில்லை என்று 2023-இல் அந்நாட்டு மருந்து ஆணையத்தின் நிபுணர் குழு முடிவுக்கு வந்ததும் கவனிக்கத்தக்கது. பலன் இல்லாத ஒன்றுக்காகப் படபடப்பை விலை கொடுத்து வாங்குவானேன்?

கூட வரும் துணை மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். அலர்ஜி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்று நம்பி, அதோடு ஒரு கேஸ் மாத்திரையும் போடுவது நம் ஊர் மரபு. செட்ரிசினுக்கு அந்தத் துணை தேவையே இல்லை. ஆனால் வயிற்று அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோல் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் தைராக்சின் உறிஞ்சப்படுவது குறையும். கால்சியமும் இரும்புச்சத்தும் அப்படியே. அவற்றுக்கும் தைராக்சினுக்கும் நடுவே 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

ஆறு வாரத்தைத் தாண்டியும் தினமும் உடம்பில் தடிப்பு வந்து போகிறவர்களின் விஷயம் வேறு. அந்த நோய்க்கும், உடலே தைராய்டைத் தாக்கும் நோய்க்கும் உறவு உண்டு; இரண்டும் ஒரே ஆளிடம் காணப்படுவது அபூர்வமில்லை. செட்ரிசினால் அரிப்பை அடக்கிக்கொண்டே காலம் தள்ளுபவர் தைராய்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

நீண்ட நாள் சாப்பிடுவோருக்கு இன்னொரு செய்தி. செட்ரிசின், லெவோசெட்ரிசினைப் பல மாதம் தினமும் போட்டு நிறுத்தியவர்களில் மிகச் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருவதாக 2025 மே மாதம் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்தது. பதிவானவை உலக அளவில் 209 நிகழ்வுகளே. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்த அரிப்பை அலர்ஜி திரும்பிவிட்டதாக நினைத்து மறுபடி மாத்திரைக்கே போய்விடும் வாய்ப்பு இருப்பதால், நிறுத்தும்முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் செட்ரிசின் 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 போதும். வயதானவர்கள் சிபிஎம்மைத் தினசரி வழக்கமாக்கவே கூடாது.

என் தீர்ப்பு இதுதான்: மருத்துவருக்குத் தெரிந்து, பெயர் தெரிந்த ஒற்றை மருந்தாகச் செட்ரிசின் வகை மாத்திரையை இரவில் போட்டால், தைராய்டு மாத்திரைக்கு அதனால் கெடுதல் இல்லை. நறுக்கித் தரும் பெயரில்லாத மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவதை அப்படிச் சொல்ல முடியாது. தைராக்சின் அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பது வழக்கம். அதற்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரை, கேஸ் மாத்திரை, கால்சியம் எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரின் மேசையில் கொட்டுங்கள். கடையில் நறுக்கித் தந்தால், முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.